பாசல் 1969: ஸ்லோவான் பிராத்திஸ்லாவா பார்சிலோனாவை வென்ற கதை

1969 மே 21, புதன்கிழமை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், ஐரோப்பிய நாடுகளின் உள்நாட்டுக் கோப்பையை வென்ற கால்பந்து கிளப்புகள் மோதிய கப் வின்னர்ஸ் கப் போட்டியின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் பார்சிலோனா. இன்னொரு பக்கம், அன்று வரை ஐரோப்பாவில் எந்தப் பெரிய கோப்பையின் இறுதி ஆட்டத்தையும் எட்டிப் பார்க்காத, செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்லோவான் பிராத்திஸ்லாவா. ஆட்டம் முடிந்தபோது கணக்கு 3-2. கோப்பை ஸ்லோவான் கையில். செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு இருந்த வரைக்கும் அதன் கிளப் ஒன்று வென்ற பெரிய ஐரோப்பியக் கோப்பை இது ஒன்றுதான். 1993-இல் நாடு இரண்டாகப் பிரிந்த பிறகும் செக் கிளப்போ ஸ்லோவாக்கிய கிளப்போ இன்னொன்றைத் தொடவில்லை.

இந்த வெற்றிக்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்வார்கள். அந்த வருடம் பல கிழக்கு ஐரோப்பிய அணிகள் போட்டியிலிருந்து விலகிவிட்டதால் வழி லேசாகிவிட்டது என்பது ஒன்று. ஒன்பது மாதத்துக்கு முன் டாங்கிகள் நுழைந்த நாட்டின் ஆத்திரம் ஆட்டக்காரர்களின் காலில் இறங்கியது என்பது மற்றொன்று. முதலாவதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது. இரண்டாவதில் உண்மை இருக்கலாம், ஆனால் ஆத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இத்தாலியின் டூரின் நகரில் போய் டொரினோவை ஜெயித்துவிட முடியாது. எனக்குத் தெரிந்து உண்மையான காரணம் வேறு. நல்ல ஆட்டக்காரர்கள் ஓர் அணியில் சேர்ந்தார்கள். வேறு எங்கும் போக அவர்களுக்கு அனுமதி இல்லை. அதனால் வருடக்கணக்கில் சேர்ந்தே ஆடினார்கள். அவர்களை அடைத்து வைத்த எல்லைதான் அணியைக் கலையாமலும் வைத்தது. இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த கிளப்பின் நூறு வருடக் கதையை, யார் எந்த வயதில் ஊரை விட்டுப் போனார் என்று பார்த்துக்கொண்டே படித்தால், பாசல் எப்படி நடந்தது என்பதும் ஏன் திரும்ப நடக்கவில்லை என்பதும் விளங்கும்.

ஊருக்கும் கிளப்புக்கும் ஒரே வயது

தான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரை ஜெர்மானியர்கள் பிரெஸ்பர்க் என்றார்கள், ஹங்கேரியர்கள் போஜோனி என்றார்கள், ஸ்லோவாக்கியர்கள் பிரெஷ்போரோக் என்றார்கள். முதல் உலகப்போர் முடிந்து செக்கோஸ்லோவாக்கியா உருவான பிறகு, 1919 மார்ச்சில்தான் பிராத்திஸ்லாவா என்ற பெயர் அதிகாரபூர்வமாக வந்தது. அதே வருடம் மே 3 அன்று கிளப் தொடங்கியது. அதாவது ஊரின் புதுப் பெயருக்கும் கிளப்புக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஊரில் அப்போது ஜெர்மன் பேசுபவர்களும் ஹங்கேரிய மொழி பேசுபவர்களும்தான் அதிகம். அவர்களுக்கு ஏற்கெனவே கிளப்புகள் இருந்தன. புதிய நாட்டின் மக்களுக்கென்று ஒரு கிளப் வேண்டும் என்று செக்கர்களும் ஸ்லோவாக்கியர்களும் சேர்ந்து ஆரம்பித்தது இது. பெயரே அதைச் சொன்னது: முதல் செக்கோஸ்லோவாக்கிய விளையாட்டு கிளப், பிராத்திஸ்லாவா.

அந்தப் பெயர் நிலைக்கவில்லை. 1939-இல் ஹிட்லரின் நிழலில் ஸ்லோவாக்கியா தனி நாடானபோது பெயரிலிருந்த 'செக்கோஸ்லோவாக்கிய' காணாமல் போனது. வெறும் எஸ்கே பிராத்திஸ்லாவா ஆனது. 1948-இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும் சோகோல் என்வி. 1953-இல்தான் ஸ்லோவான் என்ற சொல் முதன்முதலில் ஒட்டியது. 1961-இல் ஊரின் பெரிய ரசாயனத் தொழிற்சாலையோடு கிளப்பை இணைத்தார்கள். ஸ்லோவானுக்குப் பின்னால் சிஎச்இசட்ஜேடி என்ற எழுத்துகள் வந்து உட்கார்ந்தன. பல்கேரியக் கம்யூனிஸ்ட் தலைவர் திமித்ரோவின் பெயரைத் தாங்கிய தொழிற்சாலை அது. பாசலில் கோப்பை வென்றதும் இந்தப் பெயரில்தான். ஆட்சி மாறும்போதெல்லாம் பெயர்ப்பலகை மாறியது. வானநீலச் சட்டை மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் ரசிகர்கள் அணியை 'பெலாசி' என்றுதான் கூப்பிடுகிறார்கள், நீலக்காரர்கள் என்று.

அரங்கத்தின் பெயரும் மாறவில்லை. தெஹெல்னே போலே என்றால் செங்கல் வயல். செங்கல் சூளைகள் இருந்த இடத்தில் 1940-இல் எழும்பிய அரங்கம் அது.

நாட்டின் லீக் பட்டம் அதுவரை பிராக் நகரக் கிளப்புகளைத் தாண்டி வெளியே போனதே கிடையாது. ஸ்பார்ட்டா, ஸ்லாவியா, ஒருமுறை விக்டோரியா ஜிஷ்கோவ்: எல்லாம் பிராக். 1949-இல் முதன்முதலாக ஒரு ஸ்லோவாக்கிய அணி அதைப் பறித்தது, அது இந்த அணி. 1950-லும் 1951-லும் விடவில்லை. அந்த அணியின் பின்வரிசையில் மிஹல் விச்சான் என்ற டிஃபென்டர் இருந்தார். பாசலில் ஸ்லோவானின் பயிற்சியாளராக நின்றவர் அவரேதான்.

பார்சிலோனாவுக்குப் போன இரண்டு பேர்

இறுதி ஆட்டத்துக்குப் போவதற்கு முன் ஒரு பழைய கணக்கைச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் பாசலில் எதிரே நின்ற பார்சிலோனா, சம்பந்தமே இல்லாத அணி போலத் தெரியும்.

லாசுலோ குபாலா 1927-இல் புடாபெஸ்டில் பிறந்தவர், ஸ்லோவாக்கிய வேர் உள்ள குடும்பம். 1946-இல் பிராத்திஸ்லாவா வந்து எஸ்கே பிராத்திஸ்லாவாவில் சேர்ந்தார். செக்கோஸ்லோவாக்கிய தேசிய அணிக்கும் ஆடினார். அங்கே அவருக்குக் கிடைத்த இன்னொருவர் ஃபெர்டினாண்ட் டாவ்சீக். அதே கிளப்பில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தவர். டாவ்சீக்கின் தங்கையைக் குபாலா கல்யாணம் செய்துகொண்டார். 1948-இல் ஹங்கேரிக்குத் திரும்பினார். 1949 ஜனவரியில், 21 வயதில், எல்லை தாண்டித் தப்பித்தார். டாவ்சீக்கும் வெளியேறினார். கிழக்கிலிருந்து தப்பி வந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்து ஹங்கேரியா என்று ஓர் அணி கட்டி, டாவ்சீக் பயிற்சி கொடுக்க, 1950-இல் ஸ்பெயினில் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். பார்சிலோனா குபாலாவை எடுத்துக்கொண்டது. டாவ்சீக்கைப் பயிற்சியாளராகவும் வைத்துக்கொண்டது. 1952-லும் 1953-லும் பார்சிலோனா ஸ்பெயின் லீக்கை வென்றது இந்த இரண்டு பேரும் இருந்த காலத்தில். குபாலாவைப் பார்க்க வரும் கூட்டத்துக்குப் பழைய அரங்கம் போதவில்லை, அதனால்தான் கேம்ப் நூ கட்டினார்கள் என்று பார்சிலோனாக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். கேம்ப் நூ வாசலில் அவருக்குச் சிலை இருக்கிறது.

குபாலா தப்பிய பிறகு எல்லை இன்னும் இறுகியது. பிராத்திஸ்லாவா ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய ஊர். வியன்னாவுக்கு 60 கிலோமீட்டர்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் முள்வேலி. அடுத்து வந்த தலைமுறை ஆட்டக்காரர்கள் அந்த வேலிக்கு இந்தப் பக்கமே வளர்ந்தார்கள், ஆடினார்கள், அவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கமே ஓய்வும் பெற்றார்கள்.

யான் போப்லுஹார் இதற்கு நல்ல உதாரணம். 1954-இலிருந்து ஸ்லோவானின் ஸ்டாப்பர், அதாவது பின்வரிசையின் நடுவில் நிற்பவர். 1962 உலகக் கோப்பை இறுதி வரை போன செக்கோஸ்லோவாக்கிய அணியின் தூண். அந்தத் தொடரில் பிரேசிலுடன் ஆடும்போது பெலேவுக்குக் காயம்பட்டது. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி அப்போது இல்லாததால் நொண்டிக்கொண்டே களத்தில் நின்றார். போப்லுஹாரும் மசோபுஸ்டும் லாலாவும் பெலேவிடம் பந்து வரும்போது முட்டி மோதாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். பெலே இதைப் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். இப்படிப்பட்ட ஆட்டக்காரரை வாங்க மேற்கில் எத்தனை கிளப் வேண்டுமானாலும் கியூவில் நின்றிருக்கும். ஆனால் வெளியே போக அனுமதி அவருக்குக் கிடைத்தது 1968-இல், 33 வயதைத் தொடும்போது. பிரான்ஸின் லியோன் கிளப்புக்குப் போனார். பாசல் அணியில் அதனால் அவர் இல்லை. வருடக்கணக்கில் அந்தச் சட்டையைப் போட்டவர், கிளப்பின் மிகப் பெரிய இரவை ஒரு சீசனில் தவறவிட்டார். இந்தக் கதையில் என் மனசை அதிகம் உறுத்துவது இதுதான்.

1968 ஆகஸ்ட்

ஆகஸ்ட் 20 இரவு சோவியத் யூனியன் தலைமையிலான வார்சா ஒப்பந்த நாடுகளின் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. மறுநாள் பிராத்திஸ்லாவாவில், கொமேனியஸ் பல்கலைக்கழகத்துக்கு முன்னால், ஒரு தொழிலாளி சட்டையைப் பிளந்து நெஞ்சைக் காட்டியபடி டாங்கியின் பீரங்கிக் குழாய்க்கு நேர் எதிரே நின்றார். லதிஸ்லாவ் பீலிக் எடுத்த அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. பிராக் என்று நினைத்துப் பலர் பார்க்கும் படம் அது, எடுத்தது பிராத்திஸ்லாவாவில்.

இது நடந்தது ஐரோப்பியக் கோப்பைகளின் முதல் சுற்று தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது. கிழக்கு அணிகளோடு ஆட மாட்டோம் என்று மேற்கில் குரல் எழுந்தது; ஸ்காட்லாந்தின் செல்டிக் இதில் முன்னால் நின்றது. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ ஏற்கெனவே நடந்த குலுக்கலை மாற்றி, கிழக்கை கிழக்கோடும் மேற்கை மேற்கோடும் மோதவிட்டது. இதைக் கண்டித்து சோவியத் யூனியன், போலந்து, ஹங்கேரி, பல்கேரியா, கிழக்கு ஜெர்மனி ஆகிய நாடுகளின் கிளப்புகள் விலகிக்கொண்டன. கிழக்கு பெர்லினின் யூனியன் கிளப்புக்கு அதுதான் ஐரோப்பாவுக்குள் முதல் வாய்ப்பு. முதல் குலுக்கலில் யூகோஸ்லாவியாவின் போர் என்ற கிளப்போடு அவர்கள் ஆட வேண்டியிருந்தது. மறுகுலுக்கலில் டைனமோ மாஸ்கோ வந்தது. கடைசியில் எதுவுமே இல்லை. அடுத்த வாய்ப்புக்கு 2001 வரை காத்திருந்தார்கள். அந்த போர் கிளப்தான் ஸ்லோவானுக்கு எதிராக வந்து நின்றது.

சரி, விலகலால் ஸ்லோவானுக்கு என்ன லாபம்? இரண்டாவது சுற்றுக்கு எண்ணிக்கை குறைந்ததால் இரண்டு கிளப்புகள் ஆடாமலே காலிறுதிக்குப் போயின. அந்த இரண்டும் பார்சிலோனாவும் டொரினோவும். ஸ்லோவான் அந்தச் சுற்றில் போர்த்துகலின் போர்ட்டோவோடு ஆடியது. ஓசியில் ஒரு சுற்று தாண்டியவர்கள் இரண்டு பேரையும் ஸ்லோவான் பின்னால் வரிசையாகத் தோற்கடித்தது. இதற்கு மேலும் 'வழி லேசாகிவிட்டது' என்று சொல்வது நியாயமாகப் படவில்லை.

பாசல் வரை

போர் கிளப்புக்கு எதிராக உள்ளூரில் 3-0, வெளியூரில் 0-2. மொத்தக் கணக்கில் ஒரே ஒரு கோலில் தப்பித்தார்கள். போர்ட்டோவில் 0-1 தோல்வி, திரும்பி வந்து தெஹெல்னே போலேயில் 4-0. காலிறுதியில் டொரினோ, முந்தின சீசனின் இத்தாலியக் கோப்பை வென்றவர்கள். அவர்கள் ஊரில் 1-0, இங்கே 2-1. அரையிறுதியில் ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லின். சின்ன ஊர்க் கிளப் என்று நினைக்கலாம், ஆனால் அவர்கள் காலிறுதியில் வெளியே தள்ளியது இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை வென்ற வெஸ்ட் பிராம்விச்சை. அங்கே 1-1, பிராத்திஸ்லாவாவில் 1-0.

கூட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும். உள்ளூரில் நான்கு ஆட்டம், நான்கும் வெற்றி, 10 கோல் போட்டு 1 வாங்கினார்கள். வெளியூரில் நான்கு ஆட்டத்தில் 2 போட்டு 4 வாங்கினார்கள். சொந்த மண்ணில் யாரும் அசைக்க முடியாத அணி, வெளியே போனால் பதுங்கி ஆடும் அணி. இறுதி ஆட்டமோ இரண்டு பேருக்கும் பொதுவான ஊரில். வெளியூர் ஆட்டத்தைப் போலப் பதுங்கினால் பார்சிலோனா அடித்துச் சாய்த்துவிடும் என்று எவரும் எதிர்பார்த்திருப்பார்கள்.

இதற்கிடையில் நாட்டில் நடந்தது வேறு. 1969 ஜனவரி 1 முதல் செக்கோஸ்லோவாக்கியா இரு குடியரசுகளின் கூட்டாட்சி ஆனது. பிராத்திஸ்லாவா ஸ்லோவாக்கியக் குடியரசின் தலைநகரம். மார்ச்சில் ஐஸ் ஹாக்கி உலகப் போட்டியில் சோவியத் அணியை இரண்டு முறை தோற்கடித்தபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள், கலவரமானது. அதைச் சாக்காக வைத்து ஏப்ரல் 17 அன்று, சீர்திருத்தம் கொண்டுவந்த துப்செக்கைக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையிலிருந்து இறக்கி, மாஸ்கோவுக்கு இணக்கமான ஹுசாக்கை உட்கார வைத்தார்கள். அதற்கு அடுத்த வாரம், 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டிர்னாவாவின் ஸ்பார்டாக் கிளப், லீக் சாம்பியன்கள் மோதும் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதியில் நெதர்லாந்தின் அயாக்ஸோடு மோதியது. ஆம்ஸ்டர்டாமில் 0-3 என்று தோற்றுவந்தவர்கள் சொந்த ஊரில் 2-0 ஜெயித்தார்கள். இன்னும் ஒரு கோல் அடித்திருந்தால் கணக்குச் சமம். இது முக்கியமான தகவல். ஒரே வசந்தத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களின் இரண்டு கிளப்புகள் ஐரோப்பாவின் உச்சிக்குப் போனது தற்செயல் இல்லை. இரண்டு அணியும் வெளியே கிட்டத்தட்ட யாரையும் இழக்காமல் பல வருடம் வளர்ந்தவை. அந்தச் சீசன் லீக் பட்டத்தை டிர்னாவா தட்டிச் சென்றது.

இரண்டாவது நிமிடம்

சாங்க்ட் யாகோப் அரங்கத்தில் சுமார் 19,000 பேர். படையெடுப்புக்குப் பிறகு நாட்டை விட்டு வந்த ஆயிரக்கணக்கான செக்கர்களுக்கும் ஸ்லோவாக்கியர்களுக்கும் சுவிட்சர்லாந்து அடைக்கலம் கொடுத்திருந்தது. ஸ்லோவானுக்காகக் கத்திய தொண்டைகளில் அவர்களுடையதும் இருந்திருக்கும் என்று நினைப்பதில் தவறில்லை.

ஸ்லோவான் பதுங்கவில்லை. இரண்டாவது நிமிடத்திலேயே லூதோவித் ஸ்வெட்லர் கோல் போட்டார். பார்சிலோனா இன்னும் மூச்சைச் சரிசெய்து நிற்கவே இல்லை. 16-ஆவது நிமிடத்தில் சல்துவா சமன் செய்தார். இந்த இடத்தில்தான் அனுபவமில்லாத அணிகள் பின்னால் போய் உட்காரும். ஸ்லோவானோ 30-ஆவது நிமிடத்தில் ஒரு டிஃபென்டரை முன்னால் அனுப்பியது. விளாதிமீர் ஹ்ரிவ்னாக் பந்தோடு முன்னேறி வந்தார். பின்வரிசை ஆள் இவ்வளவு தூரம் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 2-1. இடைவேளைக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது யான் சாப்கோவிச் மூன்றாவதைப் போட்டார். இடது ஓரத்தில் வேகத்துக்குப் பேர்போனவர், வயது 21. அவரோடு அதே நாள் பிறந்த இரட்டைச் சகோதரர் யோசெஃப் சாப்கோவிச்சும் அதே அணியில். அண்ணன் தம்பி முன்னாலும் பின்னாலுமாக ஓர் ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது அழகான விஷயம்.

இரண்டாவது பாதி தொடங்கி ஏழாவது நிமிடத்தில் கார்லெஸ் ரெஷாக் கார்னரிலிருந்து அடித்த பந்து, யார் மேலும் படாமல் வளைந்து நேராக வலைக்குள் போனது. 3-2. இனி பாக்கி 38 நிமிடம். இந்த 38 நிமிடம்தான் எனக்கு இந்த ஆட்டத்தின் சாரம். கோல்கீப்பர் அலெக்சாண்டர் வென்செலுக்கு அப்படி ஒரு கோல் வாங்கிய பிறகு ஒவ்வொரு கார்னரும் வயிற்றைக் கலக்கியிருக்கும். அவருக்கு முன்னால் கேப்டன் அலெக்சாண்டர் ஹோர்வாத், ஹ்ரிவ்னாக், ஃபில்லோ, ஸ்லோஹா. யார் எப்போது ஏறுவார், யார் இடத்தை மூடுவார் என்று பார்க்காமலே தெரிந்த நால்வர். பல சீசன் சேர்ந்து ஆடினால் வரும் பழக்கம் அது. ஒரு வருடத்தில் வாங்கிச் சேர்க்கிற சரக்கு இல்லை. பார்சிலோனாவால் சமன் செய்ய முடியவில்லை. டச்சு நடுவர் வான் ராவென்ஸ் கடைசி விசில் ஊதினார். ஹோர்வாத் கோப்பையை வாங்கினார்.

கிளப் தொடங்கி அன்றைக்கு 50 வருடமும் 18 நாளும்.

விச்சான் வேலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளியூரில் சுருண்டு ஆடிய அதே அணியை இறுதி ஆட்டத்தில் முதல் நிமிடத்திலிருந்தே தாக்கச் சொன்னவர் அவர். அவர் திறமை ஸ்லோவானோடு நிற்கவில்லை: பின்னால் போலந்தின் ரூச் ஹோஜூவ் கிளப்புக்குப் போய் 1974, 1975 லீக் பட்டங்களை வாங்கிக் கொடுத்தார்.

அதற்கு அப்புறம்

அடுத்த சீசனில் கோப்பையைத் தக்கவைக்க வந்த ஸ்லோவானை முதல் சுற்றிலேயே டைனமோ ஜாக்ரெப் வெளியே அனுப்பியது. ஆனால் அணி கலையவில்லை. 1970-இல் லீக் பட்டம். 1974, 1975-இல் மறுபடியும். இந்த இரண்டு பட்டங்களின் பயிற்சியாளர் யோசெஃப் வெங்லோஷ், முன்னாள் ஸ்லோவான் ஆட்டக்காரர், உடற்கல்வியில் முனைவர். 1990-இல் ஆஸ்டன் வில்லாவுக்குப் போய், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வெளியே பிறந்து இங்கிலாந்தின் முதல் டிவிஷன் கிளப் ஒன்றை நடத்திய முதல் ஆள் ஆனார்.

பாசலின் உண்மையான தொடர்ச்சி 1976-இல் பெல்கிரேடில் வந்தது. ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இறுதியில் செக்கோஸ்லோவாக்கியா மேற்கு ஜெர்மனியை பெனால்டியில் வென்றது. பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டு பனென்கா அடித்த அந்தக் கடைசிப் பெனால்டியை மட்டும் உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது. அன்று இறங்கிய பதினோரு பேரில் ஆறு பேர் ஸ்லோவான்: பிவர்னீக், கேப்டன் ஒந்துருஷ், யோசெஃப் சாப்கோவிச், கோக், மாஸ்னி, ஷ்வெஹ்லீக். முதல் கோல் ஷ்வெஹ்லீக்குடையது. மாற்று கோல்கீப்பராக பெஞ்சுப் பக்கம் வென்செல். தேசிய அணியின் துணைப் பயிற்சியாளர் வெங்லோஷ். ஒரு கிளப் தன் ஆட்களைக் கையோடு வைத்துக்கொள்ள முடிந்தால் என்ன கட்ட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்தத் தலைமுறை வயதானது. அடுத்தது அவ்வளவு வலுவாக வரவில்லை. 1985-இல் ஸ்லோவான் முதல் டிவிஷனிலிருந்தே கீழே இறங்கியது. திரும்ப மூன்று வருடம் பிடித்தது.

1989-இல் வேலி அறுந்தது. பெயரிலிருந்த ரசாயனத் தொழிற்சாலையின் எழுத்துகளும் அடுத்த வருடம் போயின. 1992-இல் ஸ்லோவான் மறுபடி சாம்பியன். அந்தச் சீசனில் நாட்டிலேயே அதிக கோல் அடித்தவர் ஸ்லோவானின் பெட்டர் துபோவ்ஸ்கி, 27 கோல். கோல்கம்பத்துக்கு முன் அலெக்சாண்டர் வென்செல். அப்பா பாசலில் நின்ற இடத்தில் இப்போது அதே பெயர்கொண்ட மகன். அடுத்த வருடமும் அதிக கோல் துபோவ்ஸ்கிதான். 1993 கோடையில் ரியல் மாட்ரிட் அவரைக் கூட்டிப்போனது. வயது 21. குபாலா தப்பி ஓடிய அதே வயது. இவர் ஓட வேண்டியிருக்கவில்லை. விமானம் ஏறிப் போனார். அது நல்ல மாற்றம், அதில் இரண்டு கருத்து இல்லை. மாட்ரிட்டில் அவருக்குச் சரியாக அமையவில்லை, ஒவியேதோவுக்கு மாறினார். 2000 ஜூனில் தாய்லாந்தில் ஓர் அருவியில் தவறி விழுந்து 28 வயதில் இறந்தார். அவருடைய இடது காலை நினைத்தால் பிராத்திஸ்லாவாவில் பலருக்கு இன்னும் கண் கலங்கும்.

போப்லுஹார் 33 வயதில், துபோவ்ஸ்கி 21 வயதில். இடையில் இருக்கும் பன்னிரண்டு வருடம்தான் ஓர் ஆட்டக்காரரின் முழு வாழ்க்கை. ஒரு காலத்தில் அது மொத்தமும் ஸ்லோவானுக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் முளைவிடும் பருவம் மட்டும். 1995-இல் போஸ்மன் தீர்ப்பு வந்து, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் கிளப்புக்குப் பணம் கட்டாமலே மாறலாம் என்றான பிறகு சின்ன நாட்டுக் கிளப்புகளின் நிலை இன்னும் சிக்கலானது. 1994, 1995, 1996, 1999 என்று ஸ்லோவாக்கிய லீக்கை ஸ்லோவான் எடுத்தது. ஆனால் கிளப்புக்குள் பண நெருக்கடி. 2004-இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கி, இரண்டு வருடம் அங்கேயே கிடந்தது.

பழைய தெஹெல்னே போலே 2009-க்குப் பிறகு மூடிக் கிடந்தது, அப்புறம் இடித்தார்கள். பக்கத்தில் இருந்த பாசியென்கி அரங்கில் ஸ்லோவான் பல வருடம் ஒண்டிக்குடித்தனம் நடத்தியது. 2019 மார்ச் 3 அன்று அதே இடத்தில் 22,500 இருக்கைகளோடு புது அரங்கம் திறந்தது. முதல் ஆட்டம் டிர்னாவாவுக்கு எதிராக, வேறு யாராக இருக்க முடியும்? ஸ்லோவான் 2-0. அந்த வருடம் தொடங்கி 2025 வரை தொடர்ந்து ஏழு லீக் பட்டம்.

உள்நாட்டில் ஏழு பட்டம் எடுத்த அந்த அணி 2024-25 சீசனில் முதன்முறையாக சாம்பியன்ஸ் லீக் பிரதான கட்டத்துக்குள் போனது. எட்டு ஆட்டம், எட்டும் தோல்வி. போட்டது 7 கோல், வாங்கியது 27. மான்செஸ்டர் சிட்டி, மிலான், அத்லெதிகோ மாட்ரிட், பேயர்ன் என்று எதிரே நின்ற அணிகளின் பட்டியலைப் பார்த்தால் இந்தக் கணக்கில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2010-இல் இன்னொரு ஸ்லோவாக்கிய கிளப்பான ஜிலினா போனபோதும் ஆறில் ஆறும் தோல்விதான்.

அந்த ஸ்லோவான் அணியின் முன்கள ஆட்டக்காரர் தாவிட் ஸ்ட்ரெலெட்ஸ், கிளப்பில் வளர்ந்த பையன். 2021-இல் 20 வயதில் இத்தாலியின் ஸ்பெட்சியா அவரை வாங்கியது. அங்கே இடம் கிடைக்காமல் 2023-இல் ஊருக்குத் திரும்பி, கோல் போட்டு, சாம்பியன்ஸ் லீக் வரை அணியைத் தூக்கிப்போக உதவினார். 2025 ஆகஸ்டில் மறுபடி கிளம்பினார், இந்த முறை அப்போது இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனில் ஆடிய மிடில்ஸ்பரோவுக்கு.